மைதானத்துக்கு அடித்த பச்சை

நான் வேலை பார்ப்பது ஒரு பல்கலைக்கழகத்தின் கணினி மாதிரியாக்க ஆய்வு மையத்தில். பெயரைக் கேட்டால் என்னவோ பெரிதாகத்தான் இருக்கும். எங்கள் காலனியில் யாராவது "இன்னா வேலம்மா அது?" என்று கேட்டால், நடக்காததை நடந்த மாதிரி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது என்பேன். "ஓ, சினிமாவா?" என்பார்கள். விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம். மழை கொட்டினால் எந்தத் தெரு முழுகும், பாய்லர் வெடித்தால் எந்தச் சுவர் விழும், விஷவாயு கசிந்தால் எத்தனை நிமிடத்தில் எங்கே போய்ச் சேரும், இதெல்லாம்தான் எங்கள் பிழைப்பு. சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜென்மங்கள் நாங்கள் நாலு பேர்தான். மெஷின்களுக்குக் குளிர் வேண்டும். எங்களுக்குச் சளி பிடித்தால் யாருக்கு என்ன?

விளக்கமே தேவைப்படாத ஒரே ஆள் என் அக்கா வீட்டுக்காரர். அப்பா போன பிறகு நானும் அவர்கள் வீட்டிலேயே வளர்ந்தேன். காலையில் என்னை டி.வி.எஸ் வண்டியில் ஏற்றி ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, அப்புறம்தான் மாமா ஷிஃப்டுக்குப் போவார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ரசாயனக் கம்பெனியில் காண்ட்ராக்ட் மேஸ்திரி. அவருக்குக் கீழே பதினைந்து பேர். நான் செய்கிற வேலை என்னவென்று அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும், ஆனால் அது தப்பாகவே போகாது என்று முழுசாக நம்பினார். "எங்க பாப்பா கணக்கு போட்டா அத்தோட முட்ஞ்சிது" என்று டீக்கடையில் அளந்துகொண்டிருப்பார்.

அந்தக் கம்பெனியே ஒரு நாள் எங்கள் மையத்துக்கு வந்தது. குளோரின் கசிந்தால் என்ன ஆகும் என்று அறிக்கை வேண்டுமாம். வேலை என் தலையில் விழுந்தது. நிலத்தின் மேடு பள்ளம், கட்டடம், மதில், காற்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி ஓடவிட வேண்டும். ஒருமுறை ஓடி முடிய மூன்று நாள். நடுவில் கரண்ட் போனால் போச்சு, மறுபடி முதலில் இருந்து. இரண்டு மாதம் நாயாய் உழைத்தேன். பனிக்காலத்துக் காலை, காற்று அசையாத நேரம், அதுதான் இருப்பதிலேயே மோசம் என்று வந்தது. குளோரின் கனமான வாயு, தண்ணீரைப் போலப் பள்ளம் தேடித்தான் ஓடும். கேன்டீனுக்குப் பின்னால் இருக்கிற மைதானம் பள்ளம். என் படத்தில் அந்த மைதானம் முழுக்கச் சிவப்பு. கணக்கு சரி. இன்றைக்கும் சொல்கிறேன், கணக்கில் ஒரு தப்பும் இல்லை.

வரைவைப் பார்க்கக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். "இவ்ளோ சிவப்பா இருந்தா ஹெட் ஆபீஸ்ல பயந்துடுவாங்க சார்" என்றார். எங்கள் மையத் தலைவர் நல்ல மனிதர், யாரையும் அதட்டிப் பேசமாட்டார். என்னைக் கூப்பிட்டு, "நம்பர் எதையும் தொடாதம்மா. கலர் ஸ்கேலை மட்டும் கொஞ்சம் ஏத்தி விடு" என்றார்.

அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். காற்றில் எவ்வளவு வாயு கலந்தால் சிவப்பு, எவ்வளவு என்றால் மஞ்சள், எவ்வளவு என்றால் பச்சை என்பதைப் படம் போடுகிற நாங்கள்தான் வைக்கிறோம். அந்த அளவைத் தூக்கி வைத்தால் சிவப்பு சுருங்கும். எண்கள் அப்படியே பின்னிணைப்பில் அட்டவணையாகக் கிடக்கும், யாரும் புரட்டமாட்டார்கள். எங்கள் தொழிலில் இதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. வாராவாரம் செய்கிறோம். "மைதானத்துல ஆளுங்க நடமாடுவாங்க சார்" என்று முனகினேன். "அட்டவணையில இருக்குல்ல?" என்றார். எனக்கு வேலை வருஷத்துக்கு ஒருமுறை நீட்டிப்பு. அது அந்த மாதம் வரவேண்டியிருந்தது. மாற்றினேன். பத்து நிமிட வேலை, மைதானம் பச்சையாகிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்கிறார்கள். ஏன் முடியாது? பேஷாக முடியும்.

இரண்டு மாதம் கழித்து மாமா வாட்ஸப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். கம்பெனி கேட்டுக்கு உள்ளே பெரிய போர்டு, அதில் என் படம். பக்கத்தில் பாதுகாப்புக் குழுவின் பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு மாமா, பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். கூடவே குரல் செய்தி: "பாப்பா, உன் படத்த மாட்டிக்கீறாங்க! ட்ரெயினிங் குட்த்தாங்க. கேஸு வந்தா அல்லாரும் பச்சையில போய் நிக்கணுமாம். நான்தான் ஆளுங்கள இட்டுக்கினு போவணும்."

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எந்த நிறத்துக்கு எவ்வளவு வாயு என்று சொல்லும் அளவுகோலை வெட்டிவிட்டு வெறும் நிறத்தை மட்டும் அச்சடித்திருந்தார்கள். கேன்டீன் மைதானத்தின் நடுவில் 'கூடுமிடம்' என்று ஒரு கொடி. தலைவரிடம் ஓடினேன். "நாம அறிக்கை குடுத்தோம். போர்டு அவங்க பொறுப்பு. ஒரு மெயில் போடலாம், பாப்போம்" என்றார். மெயில் போகவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஒரே வார்த்தை. பள்ளத்தில் நிற்காதே மாமா, மேட்டுக்கு ஓடு. சொன்னால் ஏன் அப்படிப் படம் போட்டாய் என்று கேட்பாரே. அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு போய்விடுமே. போட்டோவைப் பார்த்துவிட்டு, சூப்பர் என்கிற மாதிரி ஒரு கட்டைவிரல் பொம்மையை அனுப்பினேன். தூ, நானும் ஒரு மனுஷி.

மார்கழி, காலை முதல் ஷிஃப்ட். பனி மூட்டம். குளோரின் சிலிண்டர் ஒன்றில் வால்வு விட்டுப்போனது. என்ன நடந்தது என்பதை ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் குழாயைத் தள்ளித் தள்ளி மாமாதான் சொன்னார். சைரன் ஊதியதும் ஆட்கள் ரோட்டு மேட்டைப் பார்த்து ஓடியிருக்கிறார்கள், தானாக, யாரும் சொல்லிக்கொடுக்காமல். மாமா கத்தி நிறுத்தியிருக்கிறார். "அங்க போவாதீங்கடா, பச்சை இந்தாண்ட கீது! எங்க பாப்பா போட்ட படம்!" அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு. ஏழு பேர் திரும்பி வந்தார்கள். வெல்டர் ஒருவர் ரோட்டோரம் வரைக்கும் போய்விட்டவர், அவரும் திரும்பி வந்தார். வாயுவும் அந்தப் பள்ளத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அந்த வெல்டர் மறுநாள் இறந்துபோனார். எங்கள் காலனியில் பக்கத்துத் தெருக்காரர்தான். மாமாவின் நுரையீரல் பாதிதான் மிச்சம்.

கம்பெனி விசாரணை வைத்தது. காற்றின் போக்கைப் பார்த்து ஆட்களை நடத்தியிருக்க வேண்டும், மேஸ்திரி தவறிவிட்டார் என்று முடித்துவிட்டார்கள். எங்கள் தலைவர் அட்டவணையைப் பிரித்துக் காட்டி, எண்கள் சரியாக இருக்கின்றன என்று நிம்மதியாகத் திரும்பி வந்தார். எனக்கு எப்போதோ வந்த நீட்டிப்பும் அப்படியே இருந்தது.

காரியத்தன்று மாமா அந்த வீட்டுக்குப் போனார். வெல்டரின் பெண்சாதி தெரு முனையிலேயே மறித்துக்கொண்டாள். "எங்கூட்டுக்காரரு தப்பிச்சி ஓடிக்கினு இருந்தாரு. நீதானே கூவிக் கூப்ட்ட? இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு வந்த? எங்க தெருவுல கால வெக்காத!" தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. மாமா திரும்பி வந்துவிட்டார். பஸ் ஸ்டாண்டுக்குப் போக அந்தத் தெருதான் குறுக்கு வழி. அதற்குப் பிறகு ரோலிங் மில் மதிலைச் சுற்றிக்கொண்டு போனார், மூச்சு வாங்க நாலு இடத்தில் நின்று நின்று. மாத்திரை வாங்கப் போனாலும் அதே சுற்று. பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் செல்போனை என்னிடம் நீட்டினார். அதே போர்டு போட்டோ. "பாப்பா, நீ படிச்சவ. சொல்லு. நான்தான் தப்பா பாத்துட்டனா? இது பச்சதானே? இல்ல எனக்குத்தான் கண்ணு செரியில்லியா?"

அக்கா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "நீ சரியாத்தான் பாத்த மாமா. படம்தான் சரியில்ல. அந்த மைதானம் மொதல்ல சிவப்பு. நான்தான் மாத்தினேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். நீட்டிப்பு, மெயில், கட்டைவிரல், ஒன்றுவிடாமல். அக்கா கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாமா கத்தவில்லை. கத்த மூச்சு ஏது? தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார். அப்புறம், "இத்த எங்கிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்றார். "அந்த ஊட்டுல போய் சொல்லு."

போனேன். அந்தப் பெண் வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் ஒரே வயதுதான் இருக்கும். நின்றபடியே சொன்னேன். பாதியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. எல்லாம் கேட்டுவிட்டு, "எழ்திக் குடு" என்றாள். "வாயால சொல்லிட்டு நாளிக்கி நான் சொல்லவே இல்லன்னுவ. படிச்சவங்க அப்டித்தான்." உள்ளே போய் மகளின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்தாள்.

எழுதினால் வேலை போகும். போலீஸ் வரை போனாலும் போகும். ஆனாலும் எழுதினேன். இத்தனை வருஷத்தில் எத்தனையோ அறிக்கை எழுதியிருக்கிறேன், எதிலும் 'நான்' என்று ஒரு வரி எழுதியதில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள். தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"உங்க மாமாவ இந்தத் தெருவுலயே போவச் சொல்லு" என்றாள். "நீ வராத."