எரியாத முகம்

தஞ்சாவூரில் என் தோல் கிளினிக்குக்கு வந்த அந்த அம்மாளின் முகத்தில் வெள்ளைக் கிரீமும் இருந்தது, அக்கிக் கொப்புளத்துக்குக் குயவர் எழுதிய காவியும் இருந்தது. எரிவாயுக் குழாய்க்கு வயலைத் தர மறுத்து, மாதக்கணக்காக வரப்பிலேயே உட்கார்ந்து போராடுகிறவர். பேச்சுக்கு நடுவே கன்னத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

"வெயில்ல முகம் எரியவே இல்லிங்க டாக்டர். மக வாங்கிக் குடுத்த சன்ஸ்கிரீன். அப்பறம் ஏன் இது திரும்பத் திரும்ப வருது?"

வழக்கமாக உதட்டில் வரும் கொப்புளம் இம்முறை இமையோரம் வந்திருந்தது.

"எரிச்சலைத் தடுக்கிற அளவுக்கு அந்தக் கிரீம் தோலோட எதிர்ப்புச் சக்தியைக் காப்பாத்தாதுங்க. எரியலையேன்னு நாள் முழுக்க உட்கார்றீங்க. வெயில்ல அந்தச் சக்தி குறைஞ்சதும் உள்ள தூங்குற கிருமி எழும்புது. கண்ணுக்குள்ள போச்சுன்னா பார்வையே போயிடும். நிழல்ல இருங்க."

கன்னத்திலிருந்து விரலை எடுத்தார்.

"வரப்புல பந்தல் போடப் போட குழாய்க்காரங்க பிரிச்சு எறிஞ்சிடுறாங்க. வயலை விட்டுட்டு எந்த நிழலுக்குப் போறது?"

மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார். கிரீமை இன்னொரு முறை பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

நான் சொன்னதை நம்பித்தான் போகிறார். நம்பாமல் போயிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.