கசந்த சுரைக்காயும் காதில் விழுந்த கேள்வியும்

அவசர சிகிச்சைப் பிரிவின் நடைபாதையில் என்னை ஸ்ட்ரெச்சரில் கிடத்தியிருந்தார்கள். வாந்தி நிற்கவில்லை. ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் அடிவயிறு முறுக்கியது. ஒரு செவிலியர் குனிந்து என் வாயை முகர்ந்து பார்த்தார். "இன்னா மருந்தும்மா குடிச்ச? மறைக்காம சொல்லு" என்றார்.

எங்கள் பக்கத்தில் இந்தக் குரலில் மருந்து என்று கேட்டால் அது பூச்சிமருந்துதான். சுரைக்காய்ச் சாறு குடித்தேன் என்றேன். அவர் நிமிர்ந்து பக்கத்தில் நின்றவரைப் பார்த்தார். எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அந்தப் பார்வையில் இருந்தது.

இதை நான் எழுத உட்கார்ந்ததே அந்தப் பார்வையால்தான். உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இப்படி நேர்ந்திருந்தால் படியுங்கள். காலையில் ஒரு தம்ளர் பச்சைச் சாறு உங்கள் கைக்கு வருகிறதென்றால் கட்டாயம் படியுங்கள். அமைதியாகவே எழுதப் பார்க்கிறேன். முடியாத இடங்களில் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் புதுச்சேரி வில்லியனூரிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. நான் வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் கணவர் அருள்தாஸ் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டர். வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் தோட்டத்துக்குள் போய்விடுவார். வீட்டுக்குப் பின்னால் ஒரு சாண் நிலம்கூடச் சும்மா கிடக்காது. கத்தரி, வெண்டை, பீர்க்கு, சுரைப்பந்தல், கொய்யா, பப்பாளி, சப்போட்டா. பூச்சிக்கொல்லி என்ற பேச்சே கிடையாது. வேப்பெண்ணெய்க் கரைசலும் அடுப்புச் சாம்பலும்தான். அதற்கும் அடங்காத புழுவை நானும் மகள் ரெஜினாவும் கையால் பொறுக்குவோம்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் பைகளோடு நின்று எங்கள் பங்கு (கோயில் வட்டார) மக்களுக்குக் காய் கொடுப்பார். "நம்ம வூட்டுக் காய், பயப்படாம சாப்புடுங்க" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்கும் பெருமையாகத்தான் இருக்கும்.

போன வருஷம் எனக்குச் சர்க்கரை நோய் இருப்பது தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள், சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள். நான் அதன்படிதான் நடந்தேன். மற்றவர்களுக்குத்தான் அது போதவில்லை. ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். வெறும் வயிற்றில் சுரைக்காய்ச் சாறு குடித்தால் சர்க்கரை ஓடிப்போகும் என்று யாரோ ஒருவர் பேசும் வீடியோ என் கணவரின் கைப்பேசிக்கு வந்தது. ஓடிப்போகும் என்று சொன்ன அந்த மனிதர் எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் நானே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

தினமும் காலையில் அவரே காயைத் தோல் சீவி, மிக்ஸியில் அடித்து, வடிகட்டிக் கொடுப்பார். சில வாரங்கள் ஒன்றும் ஆகவில்லை. பந்தலில் காய் குறைந்தபோது குப்பைக்குழி ஓரத்தில் தானாக முளைத்திருந்த ஒரு கொடியில் காய் பிடித்திருந்தது. நாம் விதைக்காமலே ஆண்டவர் கொடுத்தது என்று அவர் அதையும் வளர்த்துவிட்டிருந்தார். அன்றைய சாறு அந்தக் கொடியின் காயில் எடுத்தது.

சமையலுக்கு என்றால் இது நடந்தே இருக்காது. சுரைக்காயோ பீர்க்கங்காயோ, ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்காமல் நாங்கள் சட்டியில் போடுவதில்லை. கசந்தால் மாட்டுக்குக்கூடக் கொடுக்க மாட்டோம். ஆனால் இது சமையல் இல்லையே, வைத்தியம். வைத்தியம் என்று ஆகிவிட்டால் கசப்புக்கு ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

முதல் வாயிலேயே நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. கசக்குது என்றேன்.

"கசந்தா நல்லதுதான்டி. பாவக்கா இன்னா இனிக்குதா? சர்க்கரைக்குக் கசப்புதான் சரி. மூக்கப் புடிச்சிக்கினு குடி" என்றார்.

குடித்தேன். தம்ளரின் அடியில் நின்றதையும் அவர் பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்தேன்.

தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து ஒரு ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தேன். தொண்டையிலிருந்து வயிறு வரை மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பிறகு வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. கழிவறையிலிருந்து எழுந்தபோது சுவர் சாய்ந்தது. அவர் ஆட்டோ பிடித்து வந்தார். மூலக்குளத்தில் வண்டிகள் நகரவில்லை. ஆட்டோவுக்குள்ளேயே இரண்டு முறை வாந்தி எடுத்தேன். வழியில் கண்ணில் பட்ட ஒரு மருத்துவமனையில் இறக்கினார்கள்.

அங்கேதான் அந்தச் செவிலியர் கேட்டார். பணியிலிருந்த மருத்துவர் என் கண்ணிமையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என் கணவரிடம் போனார். அந்தச் சாற்றில் ஏதாவது இருந்திருக்குமா, காய்க்கு மருந்து அடித்திருந்தீர்களா என்று கேட்டது என் காதில் விழுந்தது. சரியான கேள்விக்குப் பக்கத்தில் வந்துவிட்டார். பதில் மட்டும் சரியாக வந்திருந்தால் போதும்.

"எங்க தோட்டத்துக் காய் சார். ஒரு சொட்டு மருந்து அடிச்சதில்ல. அதுல ஒண்ணும் இருக்காது" என்றார் என் கணவர். அந்த நிலையிலும் அவர் குரலில் கோயில் வாசலில் நிற்கும்போது வரும் அந்த உறுதி இருந்தது.

காயில் ஒன்றுமில்லை என்றால் பிறகு தப்பு என்னிடம்தானே இருக்க வேண்டும்? காவல் நிலையத்துக்குத் தகவல் போனது. மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் இறக்கிக் கழுவினார்கள். ஏற்கெனவே புண்ணாகிக் கிடந்த வயிறு. நான் கையை உதறியபோது, குடிக்கும்போது தெரியவில்லையா என்று ஒருவர் அதட்டினார். வீட்டில் சண்டையா, மாமியார் தொல்லையா, கணவர் குடிப்பாரா என்று இன்னொருவர் கேட்டார். என் மாமியார் இறந்து பல வருஷங்கள் ஆகின்றன. என் கணவர் குடிப்பவர் இல்லை. எனக்குச் சாவதற்கு ஒரு காரணமும் இல்லை, தைக்க வேண்டிய ரவிக்கைகள்தான் இருந்தன.

அப்போது என் கணவர் தலைமாட்டுக்கு வந்து குனிந்தார். தைரியம் சொல்ல வருகிறார் என்றுதான் நினைத்தேன். என் இடது காதுக்குள் மெதுவாகக் கேட்டார்.

"செலினு, எங்கிட்டயாவது உண்மையச் சொல்லு. வேற இன்னாத்தையாவது குடிச்சிட்டியா?"

தொண்டையில் குழாய். என்னால் பேச முடியவில்லை. இல்லை என்று தலையை மட்டும் அசைத்தேன். அவர் என்னை நம்பவில்லை என்பது அந்த முகத்தில் தெரிந்தது. காலையில் தன் கையால் அடித்து, வடிகட்டி, தம்ளரை நீட்டியவர். கசக்கிறது என்று நான் சொன்னதைக் கேட்டவர். அவருக்கு அந்தக் காயைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. என்னைச் சந்தேகிக்க வந்தது.

கொஞ்ச நேரத்தில் குழாயில் ரத்தம் வந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. எங்களால் பார்க்க முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள்.

அங்கே ஒரு பெண் மருத்துவர் வந்தார். முதல் மருத்துவமனைச் சீட்டைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். என் கையைத் தொட்டுக் கேட்டார். "சாறு கசந்துச்சாம்மா?"

தலையசைத்தேன். ரொம்பவா என்றார். மறுபடி தலையசைத்தேன். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அவ்வளவு நேரத்தில் என் நாக்கைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கசப்பு சர்க்கரைக்கு நல்லதுதானே டாக்டர் என்று என் கணவர் இழுத்தார். "பாகற்காய் கசக்கிறது அதோட இயல்பு. சுரைக்காய் கசந்தா அது விஷம் சார்" என்றார் மருத்துவர். குரலை உயர்த்தவே இல்லை.

கல்லூரியிலிருந்து வீட்டுக்குப் போய் என் துணிகளை எடுத்துக்கொண்டு ரெஜினா அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள். "டாக்டர், மீதிக் காய் ஃபிரிட்ஜ்ல இருக்குது. நுனி நாக்குல வச்சிப் பாத்துட்டுத் துப்பிட்டேன். வாய் இன்னும் எரியுது" என்றாள். அப்பாவின் பக்கம் அவள் திரும்பவில்லை.

மருத்துவர் எனக்குப் பிறகு விளக்கினார். சுரை, பீர்க்கு, வெள்ளரிக் குடும்பத்துச் செடிகளில் குக்குர்பிடாசின் (செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் கசப்பு நஞ்சு) உண்டு. நாம் உண்ணும் வகைகளில் அது மிகக் குறைவு. தானாக முளைத்த கொடியிலும், வேறு வகையோடு மகரந்தம் கலந்து வந்த விதையிலும் அது ஏறிவிடலாம். பூச்சிமருந்து அடித்தாலும் அடிக்காவிட்டாலும் அதற்கு ஒன்றுதான். முறிமருந்து கிடையாது. நரம்பு வழியாகத் திரவம், அமிலத்தை அடக்கும் மருந்து, தேவைப்பட்டால் ரத்தம். உடம்பு தாங்கிக்கொள்ளும் வரை காத்திருக்க வேண்டும்.

எண்டோஸ்கோப்பி (வாய் வழியே கேமரா பொருத்திய குழாயை விட்டு உணவுப்பாதையைப் பார்ப்பது) செய்தபோது இரைப்பை முழுக்கப் புண்ணாக இருந்தது, பல இடங்களில் ரத்தம் கசிந்தது. எனக்கு ரத்தம் ஏற்றினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஜன்னல் இல்லை. அங்கே காலை மாலை கிடையாது. செவிலியர்கள் மாறுவதை வைத்து இன்னொரு பொழுது ஆகிவிட்டது என்று தெரிந்துகொள்வேன். சாகப் போகிறேனா என்று பயந்ததைவிட, செத்தால் பூச்சிமருந்து குடித்துச் செத்தவள் என்றுதானே ஊர் சொல்லும் என்று நினைத்துத்தான் எனக்கு வயிற்றெரிச்சல். ரெஜினாவைப் பெண் பார்க்க வருகிறவர்களிடமும் அதைத்தான் சொல்வார்கள்.

பிழைத்துக்கொண்டேன். முதலில் தண்ணீர், பிறகு கஞ்சித் தெளிவு, பிறகு குழைந்த சோறு. காவல்துறையின் விசாரணை மருத்துவரின் அறிக்கையோடு முடிந்தது. ஊர் தன் விசாரணையை முடிக்கவில்லை.

பார்க்க வந்தவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கி வந்தார்கள். சமையலறைக்குள் போய் ரெஜினாவிடம், அப்பா அம்மாவுக்குள் இன்னா பிரச்சனை என்று கேட்டார்கள். மணப்பட்டிலிருந்து வந்த என் அண்ணன், என் கணவரைத் தனியாகக் கூட்டிப்போய் மிரட்டினார். சுரைக்காய் என்று நான் சொன்னால், சரிம்மா சரிம்மா என்று தலையாட்டினார்கள். சுரைக்காய் சாப்பிட்டு யார் செத்திருக்கிறார்கள் என்ற நினைப்பு அவர்களுக்கு. அந்தத் தலையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போங்கள் என்று கத்த வேண்டும்போல் இருக்கும். கத்தினால் குடல் வலிக்கும். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

என் கணவர் யாரிடமும் என்னைக் குறை சொல்லவில்லை. உண்மையையும் சொல்லவில்லை. "உடம்பு முடியாமப் பூடுச்சி, இப்ப தேவல" என்பதோடு நிறுத்திக்கொள்வார். அந்தக் கொடியை வேரோடு பிடுங்கி எரித்தார். எனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார், புடவை துவைத்தார். எல்லாம் செய்தார், வாயைத் திறப்பதைத் தவிர.

நடக்கத் தெம்பு வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். முடிந்து வெளியே வந்தபோது எங்கள் அன்பியத்தைச் (பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் குழு) சேர்ந்த ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனதோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"உசுர மாய்ச்சிக்கப் பாக்குறது பெரிய பாவம்மா. சாமியார்கிட்ட பாவத்தச் சொல்லி ஒரு பாவசங்கீர்த்தனம் பண்ணிடு, மனசு லேசாயிடும்."

என் கணவர் நான்கடி தள்ளிக் காய்ப் பைகளோடு நின்றிருந்தார். அவர் காதிலும் அது விழுந்தது. குனிந்து பையில் எதையோ தேடினார். அத்தனை பேர் நடுவில் அவரைக் கூப்பிட்டேன்.

"இங்க வாங்க. நான் இன்னா குடிச்சேன்னு நீங்க சொல்லுங்க."

அவர் வந்தார். "சுரக்காச் சாறுதான். நான்தான் அடிச்சிக் குடுத்தேன். கசக்குதுன்னு சொன்னா. நல்லதுன்னு சொல்லிக் குடிக்க வச்சேன்" என்றார்.

மிச்சத்தையும் சொல்லுங்கள் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கெஞ்சும் கண். எனக்கு இரக்கம் வரவில்லை.

"ஆஸ்பத்திரில அவ சொன்னத நானும் நம்பல" என்றார்.

அந்தப் பெண் என் கையை விட்டுவிட்டார். அன்றைக்குக் கத்தரிக்காயும் வெண்டைக்காயும் போயின. சுரைக்காயை ஒருவரும் எடுக்கவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சுரையோ பீர்க்கோ வெள்ளரியோ கசந்தால் துப்புங்கள். எதிரில் யார் நின்றாலும் துப்புங்கள். குடித்துவிட்டு வயிறு எரிந்தால், கசந்தது என்பதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். கூட வந்தவராக இருந்தால், படுத்திருப்பவர் சொல்வதைச் சொன்னபடியே சொல்லுங்கள். உங்கள் தோட்டத்தின் நல்ல பெயரை அப்புறம் காப்பாற்றிக்கொள்ளலாம்.

சில மாதங்கள் கழித்து மறுபடி எண்டோஸ்கோப்பி செய்தார்கள். அதே பெண் மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டினார். இளஞ்சிவப்பாக, குழந்தையின் வாயின் உள்புறம்போல் இருந்தது. இரைப்பையின் உள்தோல் சில நாட்களுக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளுமாம். "அன்னைக்கு அந்தச் சாறு பட்ட தோல் இப்ப உங்க உடம்புலயே இல்லம்மா" என்றார்.

பேருந்தில் வரும்போது அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். வயிற்றின் மீது கையை வைத்துப் பார்த்தேன். அதற்குப் பழையது எதுவும் ஞாபகமில்லை. பசிக்கிறது, செரிக்கிறது. இந்த உடம்பிலேயே ஒரு பகுதி அந்தக் காலையை விட்டு எப்போதோ போய்விட்டது. மற்றொரு பகுதி இன்னும் அந்த ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறது. அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று நான் மருத்துவரிடம் கேட்கவில்லை.

என் கணவர் நல்லவர் என்று எல்லோரும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் அவர் பக்கத்தில் வந்து தணிந்த குரலில் எதையாவது கேட்டால், காபி வேண்டுமா என்றாலும்கூட, என் இடது தோள் தானாக உயர்ந்து காதை மூடிக்கொள்கிறது. எதிரில் வந்து நின்று சத்தமாகக் கேளுங்கள் என்கிறேன். அவர் சுற்றிக்கொண்டு வந்து எதிரில் நின்று கேட்கிறார்.