செவலைக்கு முன் நான் பூண்ட நெஞ்சுப்பட்டை

இதை எழுத வேண்டும் என்று நினைத்து எத்தனையோ வருடங்கள் ஓடிவிட்டன. பேரப்பிள்ளைகளின் பழைய நோட்டில் இரண்டு வரி எழுதுவேன், சாமி குற்றமாகிவிடுமோ என்று பயந்து தாளைக் கிழித்துவிடுவேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்போடு நின்றவள் நான், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஈரக் கோணிச் சாக்கின் வாடை எங்கேயாவது அடித்தால் இன்றைக்கும் என் இடது தோளுக்குக் கீழே ஏதோ அழுத்துவது போலிருக்கிறது, உட்கார முடியாமல் எழுந்து நடக்கிறேன்.

ஜப்பான்காரன் வருவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, எனக்குப் பத்து வயது இருக்கும்போது, குளுவாங் டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் என் அப்பா பால் வண்டி ஓட்டினார். பட்டை சீவிப் பால் மரம் வெட்டுகிறவர்கள் கொண்டுவந்து ஊற்றும் ரப்பர் பாலை ஒற்றை மாட்டு வண்டியில் ஏற்றி, "ஸ்டோர்" என்று நாங்கள் சொல்லும் ஆலையில் சேர்ப்பது அவர் வேலை. வண்டியும் மாடும் தோட்டத்துக்குச் சொந்தம். ஆனால் செவலை என்று பெயர் வைத்ததும், வெள்ளிக்கிழமை தோறும் அதன் நெற்றியில் குங்குமம் வைத்ததும் நாங்கள்தான்.

அந்த வருடம் மழை விடாமல் பெய்து, நுகத்தடி உராய்ந்து உராய்ந்து செவலையின் கழுத்து புண்ணாகிவிட்டது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டும் ஆறவில்லை. ஒரு நாள் காலை ஆள் கூட்டும் "பெரட்டு" நேரத்தில், தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி எல்லார் முன்னாலும் அப்பாவிடம் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு, வர்ற சனிக்கிழமை வரைக்கும்தான். அது வண்டி இழுக்கலேன்னா டவுன்லேருந்து ஆள் வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். அறுப்புக்குத்தான். தொரை சொல்லியாச்சு, என்கிட்ட வந்து அழாத."

"நம்ம வயித்துக்கு இழுத்த மாட்ட வெட்டுக்கு அனுப்புன வீட்டுல வௌக்கு நின்னு எரியாது" என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை அவருக்கு. பிறகு திடீரென்று, "குதிரை நெஞ்சாலதான இழுக்குது, மாட்டுக்கு மட்டும் நெஞ்சு இல்லியா?" என்று எழுந்துபோய்க் கோணிச்சாக்கை நாலாக மடித்துத் தைக்க ஆரம்பித்தார்.

நெஞ்சுப்பட்டை ஒரு ராத்திரியில் ஆகிவிட்டது. அதன் இணைப்புத்தான் ஆகவில்லை. வலது முனையை வண்டியின் ஏர்க்கால் கயிற்றோடு சேர்த்துத் தைத்துவிட்டார். இடது முனையைத் தினமும் மாட்டிக் கழற்ற வேண்டும். மாடு காலெடுத்து வைக்கும்போது அது கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும், இழுக்கும்போது விடக்கூடாது, மாடு விழுந்தால் கண்மூடித் திறப்பதற்குள் அவிழ வேண்டும். இரும்புக் கொக்கி போட்டால் அடிக்கு அடி உதைத்தது. கயிற்று முடிச்சு மழையில் ஊறி இறுகி, கத்தியால் அறுக்க வேண்டியிருந்தது.

"வாயில்லா சீவனுக்கு மாட்டிப் பார்த்து நமக்கு என்னா தெரியும்? நீ வா தாயி, நீ வாய் தொறந்து சொல்லுவ" என்று பட்டையை என் நெஞ்சில் பூட்டி, பின்னால் விறகு மூட்டையைக் கட்டி, லயத்து வரிசை வீடுகளின் வாசலில் என்னை இழுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு அஞ்சலை அக்கா விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "என்னாண்ணே, செவலைக்கு லீவு குடுத்துட்டு புள்ளையப் பூட்டிட்டீங்க? ஏ புள்ள, ஒனக்குச் சோறு போடவா, புல்லு போடவா?"

"ரெண்டும் போடுக்கா!" என்றேன் நான்.

ரப்பரிலேயே பிறந்து வளர்ந்த எங்களுக்கு இழுபடுகிற சாமான் என்றால் வேறென்ன தோன்றும்? ஸ்டோரில் கழித்துப் போட்ட ரப்பர் ஷீட்டை அப்பா வார்வாராக வெட்டி இடது முனையில் இணைத்தார். காலையில் அருமையாக இருந்தது. உச்சி வெயில் ஏறியதும் பாகு மாதிரி இளகி, இழுத்த இழுப்புக்கு நீண்டு, என் ரவிக்கையிலும் சடையிலும் ஒட்டிக்கொண்டது. "அலமாக்! இனிமே இவளப் பொண்ணு பாக்க வர்றவன் அப்படியே ஒட்டிக்கிட்டுப் போயிடுவான்லா" என்று அஞ்சலை அக்கா சிரிக்க, அம்மா திட்டிக்கொண்டே என் முடியைக் கத்தரித்தாள்.

அடுத்த நாளே டவுன் சைக்கிள் கடைச் சீனரிடம் கிழிந்த டியூப் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தார். அது வெயிலுக்கு இளகவில்லை. டியூபை இரட்டையாக மடித்து வளையமாக்கி, அதற்குள் ஒரு கயிற்றைத் தளர்வாக விட்டார். டியூப் கொஞ்சம் நீளும், அதற்கு மேல் நீளாமல் கயிறு பிடித்துக்கொள்ளும். வளையத்தைப் பட்டையோடு பிடித்து வைக்கக் கொய்யாக் கட்டையில் செதுக்கிய ஒரு முளை. அதில் எண்ணெய் தடவி, ஒரு நீளக் கயிறு கட்டி வண்டியோட்டியின் கைக்கு விட்டார். இழுத்தால் முளை கழன்று பட்டை திறந்துகொள்ளும்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மறுபடி எனக்குப் பூட்டினார். முளையின் தலை என் இடது தோளுக்குக் கீழே கல் மாதிரி குத்தியது. "எங்கயாச்சும் வலிக்குதா? நெசத்தச் சொல்லு." அவர் விரல்களெல்லாம் வெட்டுக்காயம். அன்று காலையில்தான் அறுப்புக்கு மாடு வாங்கும் டவுன்காரன் வந்து செவலையின் முதுகைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனதை நான் பார்த்திருந்தேன். விடிந்தால் சனி.

"வலிக்கலப்பா" என்றேன்.

மறுநாள் மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்திவிட்டு அப்பா வண்டியைப் பூட்டினார். கிராணி, டவுன்காரன், லயத்து ஜனம் எல்லாரும் பின்னால் நடந்தோம். செவலை நன்றாகத்தான் இழுத்தது. பாலத்துக்கு முன்னால் மேடு ஏறும்போது இடது தோளை இரண்டு தரம் உதறியது, பிறகு வலியில் பக்கவாட்டில் ஒதுங்கியது. சக்கரம் சரிந்து, வண்டி சாய்ந்து, செவலை வாய்க்காலுக்குள் விழுந்தது. பட்டை தொண்டைக்கு ஏறி நாக்கு வெளியே வந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று பால் எங்கள் கால்களுக்கிடையே ஓடியது. சாய்ந்த வண்டிக்குப் பின்னால், மற்றவர்கள் கண்ணில் படாமல், அப்பா கயிற்றை இழுத்ததை ஓரத்தில் நின்ற நான் பார்த்தேன். முளை தெறித்தது, பட்டை திறந்தது, செவலை உதறிக்கொண்டு எழுந்து நின்றது.

"ஆத்தா கையி! நான் பார்த்தேன், அவுத்து விட்டது ஆத்தா கையி!" என்று கத்தியது அஞ்சலை அக்காதான். எல்லாரும் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். டவுன்காரன், "சாமி மாடு, நமக்கு வேணாம் சார்" என்று நடையைக் கட்டினான். கிராணியும் அதற்குப் பிறகு அறுப்பைப் பற்றிப் பேசவில்லை.

சாயங்காலம் மாட்டுக் கொட்டகையில் அப்பா என்னைக் கூப்பிட்டார். செவலையின் இடது நெஞ்சில் பாக்களவுக்கு வீங்கியிருந்தது. அதைத் தடவியவர், அதே விரலால் என் தோளுக்குக் கீழே அழுத்தினார். நான் துள்ளிவிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே எடம்" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை, அடித்திருந்தால் தேவலை. பழைய கம்பளியில் ஒரு துண்டு வெட்டி, முளைக்கு அடியில் மெத்தையாக வைத்துத் தைக்கத் தொடங்கினார். கயிற்றை இழுத்தது தான்தான் என்று அவர் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால் கோயில் பக்கம் பார்த்துக் கும்பிடுவார். அது பக்தியா, என் பொய்யை மூடி என்னைக் காப்பாற்றவா என்று எனக்குத் தெரியாது.

திருவிழாவுக்குத் திருவிழா கதை வளர்ந்தது. முளை பூவாக மாறி விழுந்தது என்றுகூடச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். நான் பொய் சொல்லாதிருந்தால் செவலை விழுந்திருக்காது. விழாதிருந்தால், ஒரு நாள் இழுத்துவிட்டதற்காக மட்டும் அது அறுப்புக்குத் தப்பியிருக்குமா? விளக்கேற்றிக் கும்பிடும்போதுகூட இதே கேள்வி வந்து குறுக்கே நிற்கிறது.

இப்போது பெர்மாஸ் ஜெயாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்துவிட்டது, லயத்தை இடித்துவிட்டார்கள், வாய்க்காலுக்கு மேல் லாரி போகிறது. அன்றைக்குக் கூட நின்றவர்களில் ஒருவரும் இல்லை.

இதைப் படிக்கிறவர்கள் யாரிடமாவது சொல்வதானால், நான் எழுதியபடியே சொல்லுங்கள். அப்பா கயிற்றை இழுத்ததை விட்டுவிடாதீர்கள். ஆத்தா வரவே இல்லை என்று நீங்களாகச் சேர்க்காதீர்கள். அதைச் சொல்ல நானும் ஆளில்லை, நீங்களும் ஆளில்லை. பத்து வயசுப் பிள்ளைதானே என்று இரக்கப்பட்டு, "வலிக்கலப்பா" என்று நான் சொன்னதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.