மெழுகுவத்தியை உருக்கிய கண்ணாடிக் கூண்டு

பழைய கண்ணாடிச் சாமான் என்றால் எனக்குப் பைத்தியம். பினாங்கில் எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி ஒரு தெருவில் சீனர்கள் தரையில் சாக்கு விரித்துப் பழைய சாமான் விற்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது என் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பிவிடும். "இன்னிக்குக் கடை போடல, வா" என்று என் வீட்டுக்காரர் என்னை இழுத்துப் போகப் பார்ப்பார். கப்பல் கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தும், மனிதருக்கு ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்ல வராது.

அப்படிப் போன ஒரு நாள்தான் அந்தக் கூண்டு அகப்பட்டது. கவிழ்த்து வைத்த கிண்ணம் மாதிரி இருந்தது. உச்சியில் விரல் நுழையும் ஓட்டை, சுற்றிலும் பூசணிக்காய் வரி. நல்ல கனம். "லாமா, லாமா" என்று தலையாட்டினார் கடைக்காரர். மலாயில் பழசு என்று அர்த்தம். எவ்வளவு பழசு, எதற்கான சாமான் என்று கேட்டேன். அதற்கும் "லாமா"தான்.

வீட்டுக்கு வந்து, மாதா சுரூபத்தின் முன் எரிந்த மெழுகுவத்தி மேல் அதைக் கவிழ்த்தேன். கடல் காற்றுக்குச் சுடர் அணையவில்லை. பூரித்துப்போனேன். ஆனால் ஜெபமாலை பாதி ஓடுவதற்குள் மெழுகுவத்தி இளகிக் குனிந்துவிட்டது. விளக்குக்கூண்டு என்றால் எதற்கு இத்தனை சூட்டைச் சேர்த்து வைக்கிறது? எனக்குப் புரியவில்லை.

கண்ணாடிக்குள் குமிழி இருந்தால் நூறு வருஷத்துப் பழசு என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். இதில் ஒரு குமிழி இருந்தது.

"அப்படிப் பார்த்தா நம்ம ஜன்னல் கண்ணாடியெல்லாம் நோவா காலத்துதுலா" என்றார் வீட்டுக்காரர். அவரே காலையில் அது அத்தர் ஜாடி மூடி என்பார், மாலையில் கப்பல் கடிகாரத்தின் தலை என்பார். வெட்கமில்லாமல் இரண்டையும் நம்பினேன்.

அப்போது என் புத்தி நிதானத்தில் இல்லை. தம்பிக்குப் பெண் பேசியிருந்தோம். துறைமுகத்தில் வேலை பார்த்த நாளில் சண்டுக் கடைக்குப் போய் அபின் புகைத்துக் கெட்டவன் அவன். அம்மா சாகக் கிடந்தபோது சிலுவையைத் தொட்டு, இனித் தொடமாட்டேன் என்றான். அன்றோடு விட்டுவிட்டான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நம்பினோம். பெண்ணின் தாயார் கோயில் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுத்தமா விட்டுட்டாருன்னு நீங்க மாதா முன்னால சொல்லுங்கம்மா. எனக்கு அது போதும்."

வருகிற ஞாயிறு அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நான் தாராளமாகச் சொல்லத்தான் இருந்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் தம்பி வந்தான். மாதாவைக் கும்பிடப் போனவன் மெழுகுவத்தி மேலிருந்த கூண்டைக் கண்டு அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இத எங்க வாங்கினீங்க?"

"ஏன், அழகா இல்ல? நூறு வருஷத்துப் பழசுடா."

சூடு படாமல் இரண்டு விரலால் கூண்டைத் தூக்கினான். பக்கவாட்டில் முடி போல ஓடிய ஒரு கோட்டை நகத்தால் தடவினான். அப்படி ஒரு கோடு இருப்பதையே நான் கவனித்ததில்லை.

"பழசெல்லாம் ஊதிச் செய்யிறது, அதுல இந்தக் கோடு இருக்காது. இது அச்சுல வார்த்தது. போன சீனப் பெருநாளுக்கு அப்புறம்தான் இந்த மாதிரி கூண்டு வந்துச்சு. சண்டு விளக்குக் கூண்டு அக்கா இது. சூடெல்லாம் இந்த ஓட்டைக்கு வந்து சேரும், அதுக்கு நேரா அபினப் பிடிச்சுக் காட்டுவாங்க. நாளைக்கு அவங்க வீட்டு ஆம்பளைங்க யாராச்சும் கண்டுட்டா உங்களுக்குத்தான் மானக்கேடு. எடுத்துருங்க."

முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது, ஒருவழியாக விடை கிடைத்துவிட்டதே என்று. மாதா முன்னால் போய் இதையா வைத்தோம் என்று வெட்கம் பிடுங்கியது. சிரித்தும்விட்டேன். போன சீனப் பெருநாள் என்று அவன் சொன்னது அதற்கப்புறம்தான் உறைத்தது. அம்மாவை அடக்கம் செய்தது அதற்கு ரொம்ப முந்தி.

"போன பெருநாளுக்கு அப்புறம் வந்தத நீ எங்கடா பார்த்த?"

அவன் சட்டை நுனியால் கூண்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். வாய் தவறிச் சொல்லிவிட்டானா? என் மானம் போகக் கூடாது என்று தெரிந்தே சொன்னானா? அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் அடுப்படிக்குப் போனேன்.

மறுநாள் சொன்னபடி வந்தார்கள். பெண்ணின் தாயார் என்னை மாதா முன்னால் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"இன்னும் விடலம்மா" என்றேன்.

பின்னால் தம்பி நீளமாக மூச்சு விட்டது கேட்டது. நிம்மதியில் விட்டானா, நொந்து விட்டானா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.