சம்பந்தம் பேச ஏறிய மலை

மாப்பிள்ளை வீட்டாரை முதன்முதலாக எங்கே சந்திப்பது என்று என்னைக் கேட்டிருந்தால், வீட்டில் என்றிருப்பேன். கோயில் மண்டபத்தில் என்றிருப்பேன். ஒன்றும் சரிவராவிட்டால் நகரத்து நடுவில், எங்கள் சனம் கூடுகிற குறொன்லாண்டில் ஒரு தேத்தண்ணிக் கடையில் என்றிருப்பேன். மலையில் என்று மட்டும் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆனால் மகள் விரும்பிய பெடியன் நோர்வேக்காரன். அவனுடைய தாயும் தகப்பனும் எங்களைப் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். அதற்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு 'தூர்' போவோமா என்று கேட்டிருந்தார்கள். தூர் என்றால் இந்த நாட்டில் நடை. போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லாதபோது போகிற நடை.

"வீட்டை வரச் சொல்லன் பிள்ளை. அம்மா சமைப்பா."

"அப்பா, அவைக்கு வீட்டை கூப்பிடுறது பெரிசில்லை. மலைக்குக் கூப்பிட்டாத்தான் சொந்தம் மாதிரி."

எனக்கு விளங்கவில்லை. விளங்கினவன் மாதிரித் தலையாட்டினேன். அவள் அதோடு விடவில்லை. "பதினொரு மணி எண்டால் அவையின்ரை பதினொரு மணி, உங்கடை இல்லை. உங்களை முதல்தரம் பாக்கப்போயினம். எனக்கு இது எவ்வளவு முக்கியம் எண்டு தெரியும்தானே. என்னை வெக்கப்படுத்திப்போடாதேங்கோ." கடைசி வசனத்தில் அவளுடைய குரல் கொஞ்சம் இறங்கிப்போனது. அது எனக்குக் குத்தியது.

மகளும் பெடியனும் அவனுடைய தாய் தகப்பனும் மறுபக்கமாகக் காரில் வந்து ஏறுவதாகவும், நானும் மனைவியும் நாங்கள் இருக்கிற அம்மருட்டிலிருந்து நேரே ஏறி, மேலே கோப்பி விற்கிற மர வீட்டில் சந்திப்பதாகவும் ஏற்பாடு. எங்கள் மாடிக் கட்டடத்துக்குப் பின்னாலேயே காடு தொடங்குகிறது. இத்தனை வருடமாக அதைப் பல்கனியில் நின்று பார்த்திருக்கிறேன். ஒருமுறை உள்ளேயும் போயிருக்கிறேன்: மகள் சின்ன வகுப்பில் படித்தபோது, பனிக்காலத்தில், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு. மரங்களில் சிவப்பு மை பூசியிருக்கும், அதைப் பார்த்துப் பார்த்துப் போனால் இடம் வந்துவிடும். இந்த நகரத்தில் பஸ் ஓட்டுகிறவன் நான். வழி தெரியுமா என்று மனைவி கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

சம்பந்தி பார்க்கப் போகிறோம் என்பதால் தோல் சப்பாத்தை மினுக்கிப் போட்டுக்கொண்டேன். மனைவி கம்பளிச் சட்டைக்கு மேலே தாலிக்கொடியை எடுத்து வெளியே விட்டாள். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு முதுகுப்பை நிறையப் பயத்தம் உருண்டையும் முறுக்கும்.

காட்டுக்குள் நுழைந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒரு மரத்தில் நீல மை, மற்றதில் சிவப்பு.

"நீலத்திலைதான் சனம் நடந்த தடம் கிடக்கு" என்றாள் மனைவி.

"அது வேறை எங்கையோ போறது. நான் வந்த பாதை சிவப்பு."

முதல் ஏற்றம் நல்லாகத்தான் இருந்தது. ஈரமான ஊசியிலை மணம். மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய், கடைசியில் வெறும் பாறையும் ஊதாப்பூப் புதரும் வந்தன. பாறையில் சாம்பலும் பச்சையுமாகப் பாசி, ஆரோ பழைய கம்பளியை உலரவிட்டதுபோல. மனைவி குனிந்து குனிந்து நீலபெரிப் பழம் ஆய்ந்தாள். வாயெல்லாம் ஊதா. "என்ன வடிவப்பா" என்று நின்று நின்று பார்த்தாள். "பேந்து பாக்கலாம், வாரும்" என்று நான் அவளை இழுத்தேன். அவள் பார்த்த வடிவை நான் பார்க்கவில்லை. மணிக்கூட்டைத்தான் பார்த்தேன்.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. எனக்கு முன்னால் இருந்த மலையை ஆரோ துடைத்து எடுத்துவிட்டார்கள். காலடியும் அடுத்த புதரும்தான் மிச்சம்.

கைத்தொலைபேசியை எடுத்தேன். வழிகாட்டுகிற படத்தில் எல்லாம் பச்சை, நடுவில் ஒரு நீலப்புள்ளி. அந்தப் புள்ளி நான். சுற்றிவர ஒரு வீதியும் இல்லை. பஸ் ஓட்டுகிறவனுக்கு அதைவிடப் பயங்கரமான படம் கிடையாது. தொலைபேசியை வலப்பக்கம் திருப்பினேன், படமும் திரும்பியது. நான் திரும்பினேன், அப்போதும் படம் திரும்பியது. ஆர் ஆரைத் திருப்புகிறார்கள் என்று தெரியாமல் நின்ற இடத்திலேயே சுற்றினேன்.

"கோயில் வீதியே, சுத்துறதுக்கு?" என்றாள் மனைவி.

பனிக்குள்ளிருந்து நாயோடு ஒரு பெண் வந்தா. என்னைப் பார்த்துச் சிரித்து "ஹை" என்றா. இந்தச் சனம்தான் என் பஸ்ஸில் ஏறும்போது கண்ணாடியைப் பார்ப்பதுபோல என்னூடாகப் பார்த்துவிட்டுப் போகிறது. மலையில் மட்டும் என்ன உறவு என்று குழம்பி, நானும் சிரித்து, "அருமையான நாள்" என்றேன். அவ பனியை ஒருமுறை பார்த்தா, என் சப்பாத்தை ஒருமுறை பார்த்தா, தலையாட்டிவிட்டுப் போய்விட்டா.

"ஏன் வழி கேக்கேல்லை?" என்றாள் மனைவி.

"சிரிச்ச மனுசியிட்டை எப்பிடியப்பா கேக்கிறது?"

அதற்குப் பிறகு நிலம் மெத்தையாகிவிட்டது. வெள்ளைப் பஞ்சுப் பூக்கள் தலையாட்டிக்கொண்டு நின்றன, பார்க்க வடிவுதான். அவை சேற்றில்தான் பூக்கும் என்பது என் வலது கால் முழங்கால்மட்டும் இறங்கின பிறகு தெரிந்தது. காலை இழுத்தேன், கால் வந்தது. சப்பாத்து வரவில்லை. கையை விட்டுக் கிளறி எடுத்தேன். மனைவி உதவி செய்யாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்து மகள் தொலைபேசியில் எடுத்தாள். "அப்பா, எங்கை நிக்கிறியள்? பதினொண்டு தாண்டியிட்டுது."

"வந்திட்டம் பிள்ளை. அஞ்சு நிமிசம்."

எங்கள் ஆட்களுக்கு இது பொய்யே இல்லை. குளியலறைக்குள் நின்றுகொண்டே 'வந்துகொண்டிருக்கிறம்' என்று சொல்கிற சனம் நாங்கள். கேட்கிறவனும் அதற்கு ஒரு மணித்தியாலம் கூட்டிக்கொள்வான். ஆனால் மகள் அதை அப்படியே நோர்வேஜிய மொழியில் அவர்களுக்குச் சொல்வது கேட்டது. மொழிபெயர்த்தபோது அந்த ஒரு மணித்தியாலம் கழன்று விழுந்துவிட்டது.

சேற்றைத் தாண்டினால் ஒரு மரத்தில் சிவப்பு. எனக்கு உயிர் வந்தது. அடுத்த சிவப்பைத் தேடினேன். காற்றடித்துப் பனி கொஞ்சம் விலக, அதுவும் தெரிந்தது. எதிர்க்கரையில். நடுவில் ஒரு பெரிய குளம்.

"இனி நீந்தவோ?" என்றாள் மனைவி.

"அண்டைக்கு இஞ்சை குளம் இருக்கேல்லை."

"அப்ப ஆர் வந்து வெட்டினது?"

"இதிலை பெரிய வெள்ளை வெளி இருந்ததப்பா. நடுவிலை நெருப்பு மூட்டி, பிள்ளையளுக்கு சொசேஜ் சுட்டுக் குடுத்தவை. நானும் ரெண்டு..."

மனைவி என்னைப் பார்த்தாள், குளத்தைப் பார்த்தாள். "தண்ணிக்கு மேலை நெருப்பு மூட்டிச் சாப்பிட்டனீங்களோ?"

எத்தனையோ வருடத்துக்கு முன் மூழ்காமல் போனதற்கு நான் அப்போதுதான் பயந்தேன். ஒரு கல்லில் குந்திவிட்டேன். சிவப்பு என்பது பனிச்சறுக்குத் தடம், உறைந்த குளத்துக்கும் சேற்றுக்கும் மேலால் போகிற குளிர்காலப் பாதை, நடந்து போகிறவர்களுக்கு நீலம். இந்த நாட்டில் பாலர் பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் அதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை.

தொலைபேசியும் சிக்னல் இல்லாமல் கிடந்தது. மகள் இப்போது அங்கே என்ன சொல்லிக்கொண்டு நிற்பாள் என்று நினைக்க, சேற்றைவிட அதுதான் ஈரமாக இருந்தது.

திடீரென்று கரையோரமாக ஓர் ஆணின் குரல், பிறகு ஒரு பெண்ணின் குரல், எங்கள் குடும்பப் பெயரைப் பிழைபிழையாகக் கூப்பிட்டுக்கொண்டு. பெடியனின் தாயும் தகப்பனும். ஐந்து நிமிடம் என்றதும் கோப்பியை ஊற்றிவிட்டு வாசலில் வந்து நின்றார்களாம். ஐந்து நிமிடம் கழிந்தும் ஆளில்லாததால், என்னவோ நடந்துவிட்டது என்று தேட இறங்கிவிட்டார்கள். பின்னால் மகளும் பெடியனும். மகளின் முகத்தில் கோபம் வந்து, என் காலைக் கண்டதும் எங்கே போவதென்று தெரியாமல் நின்றது.

"அஞ்சு நிமிசம் எண்டனீங்கள்."

"ஓம் பிள்ளை. குளம் ஒண்டு வந்திட்டுது."

பெடியனின் தாய் கதை கேட்கவில்லை. முன்னால் முழங்காலூன்றி என் சப்பாத்தைக் கழற்றி, போத்தல் தண்ணீரால் சேற்றைக் கழுவி, துண்டால் துடைத்து, பையிலிருந்து காய்ந்த கம்பளிக் காலுறையை எடுத்து மாட்டிவிட்டா. வேண்டாம் என்று சொல்ல எனக்கு நோர்வேஜிய மொழி தெரியும். ஆனால் காலை நீட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

மனைவி காதுக்குள் வந்தாள். "கலியாணத்திலை பெம்பிளைப் பகுதிதானே மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறது?"

"ஓம்."

"அப்ப இதென்ன முறை?"

"தெரியேல்லை. சும்மா நில்லும்."

"கழுவினவைக்கு மோதிரம் போடவேணும்."

மோதிரத்துக்கு எங்கே போவது. பையைத் திறந்து பயத்தம் உருண்டையை நீட்டினேன். அவ ஒன்றை எடுத்துக் கடித்து, மா மூக்கில் ஒட்ட, இன்னொன்றையும் எடுத்தா.

மேலே போய்ச் சேர்ந்தபோது பனி முழுதாகக் கழன்றிருந்தது. ஒரு பக்கம் கடுநீலமாகக் கடல் ஊருக்குள் நுழைந்து கிடந்தது, மறுபக்கம் மலைக்குப் பின்னால் மலை, ஒவ்வொன்றும் முந்தியதைவிட வெளிறி. பெடியனின் தகப்பன் பக்கத்தில் வந்திருந்து ஒவ்வொன்றாக விரலால் காட்டினார். நானும் பார்த்தேன். முதல்தரமாக மணிக்கூட்டைப் பார்க்காமல் பார்த்தேன். ஆனால் காது அவருடைய வாயில். எப்போது தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வருவார் என்று. அவர் காற்றைப் பற்றிச் சொன்னார். காளானைப் பற்றிச் சொன்னார். பனிக்காலத்தில் நாங்கள் எல்லாரும் சேர்ந்து சறுக்கப் போகவேண்டும், எனக்குத் தான் பழக்கிவிடுவதாகச் சொன்னார். பிறகு எனக்கு இன்னொரு கோப்பி ஊற்றித் தந்தார்.

மகளைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனேன். "எப்ப பிள்ளை கதைக்கத் தொடங்குவினம்?"

"கதைச்சு முடிஞ்சுதப்பா" என்று அவள் என் தோளில் தலையைச் சாய்த்தாள்.

எந்த இடத்தில் முடிந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. காலுறை தோய்த்து, மடித்து, அலுமாரிக்குள் இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று நினைப்பார்களோ, கொடுக்காவிட்டால் கள்ளன் என்று நினைப்பார்களோ என்று நானும் மனைவியும் இன்னும் கதைத்துக்கொண்டிருக்கிறோம்.