சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்த தந்தி

தந்திக் கந்தோரிலை, அதுதான் தந்தி ஆபீசிலை, கட்டை தட்டுற விரலுக்குத்தான் வேலை எண்டு நினைச்சு வந்து சேந்தன். முகத்துக்கும் வேலை இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. மற்றக் கந்தோர் வழிய குந்தியிருக்கிற என்ரை கூட்டாளியள், உங்கடை பாடும் உப்பிடித்தானே? அடுத்த தந்தி வாறதுக்குள்ளை சொல்லிப்போடுறன்.

முகம் பாக்கிற அண்ணை

கொடிகாமத்திலை எங்கடை கந்தோர்த் தந்தியளைக் கொண்டுபோய்க் குடுக்கிறவர் வேலுப்பிள்ளை அண்ணை. நான் எழுதி உறையிலை போடுற தந்தி எல்லாம் இங்கிலீசு. அவருக்கு அது வாசிக்கத் தெரியாது. உள்ளுக்கை என்ன எண்டு நான் வாய் திறந்தால் என்ரை உத்தியோகம் போயிடும். அவரும் கேக்கமாட்டார். உறையை வாங்கேக்கை என்ரை முகத்தை ஒருக்காப் பாப்பார், அவ்வளவுதான். நான் சிரிச்சால் சைக்கிளிலை ஏறி மிதிப்பார், பெல் சத்தம் ஒழுங்கைத் தெரு முழுக்கக் கேக்கும். நான் தலையைக் குனிஞ்சால், ஒழுங்கை முகப்பிலையே இறங்கி உருட்டிக்கொண்டு போவார். வேலிப் படலையடியிலை தொப்பியைக் கழட்டி, வீட்டுக்காரரை இருக்கச்சொல்லிப்போட்டுத்தான் உறையை நீட்டுவார். ஏனண்ணை உந்தப் பாடெண்டு ஒருநாள் கேட்டன்.

"தம்பி, சாவுச் சேதியைச் சைக்கிளிலை ஏறியிருந்து கொண்டுபோகக் கூடாது."

பல்லுக்கொதி

அண்டைக்கு எனக்குக் கடைவாய்ப் பல்லுக் கொதி, கன்னமும் வீங்கிப்போச்சு. பக்கத்தூர் மீசாலை அன்னம்மாக்காவுக்கு ஒரு தந்தி: மலாயாவிலை இருந்த மகன் கப்பலாலை இறங்கி, வெள்ளிக்கிழமை ரெயிலிலை வாறான். எவ்வளவு நல்ல சேதி. நான் கொதியிலை முகத்தைச் சுளிச்சபடி உறையை அண்ணையிட்டை நீட்டிப்போட்டன்.

அண்ணையின்ரை வழக்கம் ஊருக்கே தெரியும். அவர் உருட்டிக்கொண்டு வாறதைக் கண்ட உடனை அந்த மனிசி படலையடியிலை விழுந்திட்டா. அயல் முழுக்கக் கூடி அரை மணித்தியாலம் ஒப்பாரி. பள்ளிக்கூட வாத்தியார் வந்து வாசிச்சாப்பிறகுதான் விசயம் வெளியிலை வந்தது. பின்னேரம் அவவின்ரை தமையன் சின்னத்துரையர் முறைப்பாட்டுக் கடுதாசியோடை வந்து போஸ்ற்மாஸ்ரரின்ரை மேசையிலை அடிச்சார்.

"உயிரோடை இருக்கிற பிள்ளைக்கு ஒப்பாரி வைக்கப் பண்ணினவனை இனி இந்த வேலையிலை நான் காணக்கூடாது."

அன்னம்மாக்கா கேட்டது

அடுத்தநாள் விசாரணை. அண்ணைக்குப் பென்சனுக்கு எட்டு மாதம் கிடக்கு. ஏன் உருட்டினீர் எண்டு போஸ்ற்மாஸ்ரர் கேக்க, சைக்கிள் பழுதாப் போச்சுது ஐயா எண்டார். என்ரை பக்கம் திரும்பியும் பாக்கேல்லை. நான் எழும்பி நிண்டு, பிழை என்ரை முகத்திலை ஐயா, அவரிலை இல்லை எண்டு எல்லாத்தையும் கொட்டிப்போட்டன். ஐயா பேனையைக் கையிலை வைச்சபடி எங்கள் ரண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தார்.

அப்பதான் அன்னம்மாக்கா வாசலிலை வந்து நிண்டா. தமையன் குடுத்த கடுதாசியைத் திருப்பித் தரச்சொன்னா. விழேக்கை அண்ணைதான் தாங்கிப் பிடிச்சவராம்; சனம் வருமட்டும் தொப்பியாலை விசிறிக்கொண்டு பக்கத்திலை இருந்தவராம்.

"ஐயா, நாளைக்கு உண்மையாவே ஒரு கெட்ட சேதி வந்தாலும், அதை உவர்தான் எனக்குக் கொண்டுவரவேணும்."

இவ்வளவு கதையும் எங்கடை பைலிலை, போஸ்ற்மாஸ்ரரின்ரை கையெழுத்தோடை, 'சைக்கிள் பழுது, திருத்தியாச்சு' எண்ட ஒரே வரியிலை அடங்கிக் கிடக்கு.