கிணற்றில் கிடைத்த காளை

அவனியாபுரம் தாண்டியதும், யுத்தகாலப் பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் எங்கள் பஸ் நின்றுவிடுகிறது. டிரைவர் மறுபடி கரி போட்டு மூட்டுகிறார். நான் இறங்கி, சாலையோரக் கூட்டத்தை எட்டிப் பார்க்கிறேன். பாதி வெட்டிய கிணறு. உள்ளே கிடைத்த சுட்டமண் காளை ஒன்றை மஞ்சள் துணியில் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

“சாமி வந்திருச்சு, இனிமே வெட்டக்கூடாதுங்கிறாகய்யா,” என்கிறாள் நிலத்துக்காரி பேச்சி. “மொளகாச் செடி அம்புட்டும் கருகிப்போகும்.”

பழைய பொம்மைகளைத் தேடியே ஊர் சுற்றுகிறவன் நான். காளையை வாங்கிப் பார்க்கிறேன். முன்னங்கால்களில் குறுக்கே துளை. தென்னை ஈர்க்கு ஒன்றை நுழைக்கிறேன். இரண்டு கால்களையும் கடந்து நேராக வெளியே வருகிறது. பின்னங்கால்களிலும் அப்படியே. மூக்கிலும் ஒரு துளை.

“இது சாமி இல்லம்மா. சக்கரம் மாட்டி, மூக்குல கயிறு கட்டிப் பிள்ளைங்க இழுத்து விளையாடுற பொம்மை.”

கூட்டம் முணுமுணுக்கிறது. பேச்சி காளையை வாங்கி, ஈர்க்கைத் தானும் ஒருமுறை நுழைத்துப் பார்க்கிறாள். பிறகு கிணறு வெட்டுகிறவர்களிடம் திரும்புகிறாள்.

“புள்ளகுட்டியோட சனங்க குடியிருந்த எடம்ண்ணே இது. தண்ணி இல்லாத எடத்துலயா இருந்திருப்பாக? எறங்கி வெட்டுங்க.”

முதல் ஆள் கடப்பாரையோடு உள்ளே இறங்குகிறான்.